பூஞ்சை பூத்த எரு

"எரு பூரா பூஞ்சை. இப்படியும் ஒரு மருமக வாய்க்கணுமா எனக்கு!"

வேலியோரம் கிடந்த ஈரச்சாக்கைத் தூக்கிப் பார்த்த மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குவியல் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. தோட்டத்தில் நாலு தக்காளிச் செடி ஏற்கெனவே வாடி விழுந்திருந்த நேரம் அது.

"ஏம்மா, இதைக் கொட்டித் தொலைக்கக் கூடாதா?"

"எனக்கு நேரமில்லை அத்தை. உங்களுக்கு எங்கே தோணுதோ அங்கே கொட்டிடுங்க."

மருமகள் களைக்கொத்தோடு நழுவிவிட்டாள்.

தோன்றாமல் என்ன? வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் தோட்டம். கிணற்றுத் தண்ணீருக்காக மூண்ட சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே அற்றுப்போயிருந்தது. அங்கேயும் வாடல்தான். அந்த ஒரு விளைச்சலை நம்பித்தான் ஓரகத்தியின் குடும்பமே இருந்தது.

"வாடுறதோட சேர்த்து இதையும் அனுபவிக்கட்டும்!"

கூடை கூடையாக வேலி தாண்டி வீசினாள். அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

காய் சிவக்கும் பருவத்தில் ஒருநாள் ஓரகத்தி வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தயாரானாள்.

"அக்கா..." என்றவள் அழுதேவிட்டாள். கையில் கூடை நிறையத் தக்காளி.

"பேச்சில்லேன்னாலும் மருந்து எருவை வேலி தாண்டிப் போட்டீங்களே! பச்சையைப் பார்த்ததுமே புரிஞ்சுது. ஒண்ணு விடாம அள்ளி வேர்ல போட்டேன். விழுந்தது போக மத்ததெல்லாம் பொழைச்சுது. எங்க வீட்டுல அடுப்பு எரியுதுன்னா உங்க புண்ணியம்."

மாமியாருக்கு வெட்கமாக இருந்தது. அதையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது.

"உள்ளே வாடி. வாசல்ல நின்னு என்ன பேச்சு?"

ஓரகத்தி வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனதும் மாமியார் மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மருந்தா?"

"டிரைக்கோடெர்மா அத்தை. நல்ல பூஞ்சை. எருவுல கலந்து ஈரச்சாக்கு போட்டு வளர்த்தேன். வாடலைக் கொண்டு வர்ற பூஞ்சையை இது தின்னுடும். முள்ளை முள்ளாலதானே எடுக்கணும்? நம்ம செடிக்குப் போட்டது போக மிச்சம்தான் வேலியோரம் இருந்துச்சு."

"அதை முன்னாடியே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

மருமகள் கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துக் கடித்தாள்.

"சொன்னா சின்ன அத்தைக்குக் கொடுத்திருப்பீங்களா? அதான், உங்க கோபத்துக்கிட்டயே கொடுத்தனுப்பினேன்."