யாரும் அவளைப் பார்க்கவில்லை

"பார்க்கறதானா பார்த்துக்கோ. ஆனா ஒரு படத்தையும் நகர்த்தாதே" என்று சொல்லிவிட்டு, மாஸ்டரின் மனைவி பின்னறைச் சாவியை மேஜைமேல் வைத்தாள். கையில்கூடக் கொடுக்கவில்லை.

சிஷ்யைக்குச் சுருக்கென்றது. ஏழைபாழைகளின் துயரத்தைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டிய மனுஷருக்கு, வாய்த்தது இப்படி ஒரு மரக்கட்டை. பத்திரிகை ஆபீஸில் இவளுக்குக் 'கதவு' என்றே பெயர். யார் போய் நின்றாலும் பாதி திறப்பாள், "அவர் இல்லை" என்பாள், மூடிக்கொள்வாள். மாஸ்டரின் ஒரு கண்காட்சிக்கும் வந்ததில்லை. அவர் செத்த அன்றுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"நாளைக்கு முக்கியமான வேலைம்மா. குடோன் தீ விபத்துல செத்தவங்க வீடுகளுக்குப் போய்ப் படம் எடுக்கணும். அதுக்கு முன்னாடி மாஸ்டர் படங்களை ஒரு தடவை பார்த்துட்டா..."

"தனியாவா போறே?"

"தனியாத்தான். மாஸ்டர் சொன்ன முதல் பாடமே அதுதானே. 'துணைக்கு ஆள் வந்தா ஜனங்க மனசைத் திறக்க மாட்டாங்க. நான் என்னிக்கும் தனியாத்தான் போவேன்'னு ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்வாரே."

கதவு சமையலறைக்குள் போய்விட்டது.

முக்கியமான வேலை என்றாளே தவிர, கழுத்துக்குக் கத்தி வந்த வேலை என்று சிஷ்யை சொல்லவில்லை. "உன் படத்துல எல்லாரும் உன்னைப் பார்த்துப் பயந்து நிக்கறாங்கம்மா. இந்தத் தடவையும் அப்படியே வந்தா, கேமராவைக் கொடுத்துட்டு டெஸ்க்ல உட்கார்ந்துடு" என்று பத்திரிகை ஆசிரியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாஸ்டரின் பாடத்தை அவள் ஒருநாளும் மீறியதில்லை. பின்னே எங்கே பிசகுகிறது என்றுதான் விளங்கவில்லை.

பின்னறைக்குள் போய் விளக்கைப் போட்டாள்.

நாலு சுவரிலும் முகங்கள். சுரங்க வாசலில் காத்திருக்கும் பெண். ஆஸ்பத்திரி வராந்தாவில், குழந்தையின் ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா. நீராவிக்கு நடுவே சலவைத் தொழிலாளி. ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டைகள். சில ஆணிகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன.

படத்துக் கண்கள் நாம் போகிற பக்கமெல்லாம் கூடவே வரும் என்பார்கள். இங்கே ஒருத்தர்கூட அவளைப் பார்க்கவில்லை. இந்த மூலைக்குப் போனாள். அந்த மூலைக்குப் போனாள். ம்ஹூம்.

"கொஞ்சம் இங்க பாருங்க" என்றாள், தொழில் பழக்கத்தில். மூடிய அறையில் தன் குரலே திக்கென்றது.

அப்போதுதான் கவனித்தாள். அத்தனை கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. சாத்திய ஜன்னலுக்கு அடியில் ஒரு மடக்கு ஸ்டூல். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி, அதன் கான்வாஸ் நடுவில் தொய்ந்திருந்தது.

வேறு வேறு ஊர், வேறு வேறு வருஷம். எல்லாரும் எதற்கு ஒரு காலி ஸ்டூலைப் பார்க்க வேண்டும்?

நகர்த்தாதே என்றது ஞாபகம் இருந்தும், ஆஸ்பத்திரி அப்பாவைக் கழற்றி விளக்கடியில் பிடித்தாள். பையிலிருந்த லென்ஸை அவர் கண்மேல் வைத்தாள். கருவிழிக்குள் வராந்தா வெளிச்சம். அதில் கேமராவோடு ஒரு பொடி உருவம், மாஸ்டர். அவருக்குப் பக்கத்தில், தாழ்வாக, இன்னொன்று உட்கார்ந்திருந்தது.

சுரங்கத்துப் பெண்ணின் கண்ணில் பார்த்தாள். அங்கேயும் இரண்டு. சலவைக்காரர் கண்ணிலும் இரண்டு.

தனியாகத்தான் போவேன் என்ற மனுஷரோடு ஊர் ஊராகக் கூடவே போனது யார்?

வெளியே காலடிச் சத்தம். அவசர அவசரமாக, அகப்பட்ட ஆணியில் படத்தை மாட்டினாள்.

மாஸ்டரின் மனைவி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். ஒன்றை இவளிடம் நீட்டினாள். மற்றதை எடுத்துக்கொண்டு, நேரே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஒருத்தரைத் தவிர, சுவரிலிருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

ஒரு வாய் குடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "அந்தக் குழந்தையோட அப்பாவை நகர்த்தினியா?"

"இ... இல்லையேம்மா."

"அவர் என்னைப் பார்க்கலையே."

சிஷ்யை படங்களையும் ஸ்டூலையும் மாறி மாறிப் பார்த்தாள். "கூடப் போனது... நீங்களா?"

"பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டிருப்பேன். அவங்க அழுதா நானும் அழுவேன். என்னையே பார்த்துட்டிருப்பாங்க, அவர் அப்படியே படம் எடுத்துடுவாரு. வீட்டுக்கு வந்தா, வாசல்ல நிக்கறவங்ககிட்டப் பேசக்கூடத் தெம்பு இருக்காது."

"தனியாப் போனேன்னு ஊரெல்லாம் சொன்னாரேம்மா."

"முதல் பரிசு வாங்கின மேடையில, ஒரு வேகத்துல சொல்லிட்டாரு. எல்லாரும் கைதட்டிட்டாங்க. அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரலை." எழுந்து போய், அப்பாவைக் கழற்றிப் பழைய ஆணியில் மாட்டினாள். "படுக்கையில விழறதுக்கு முன்னாடி என்னை இங்கே உட்கார வெச்சு, ஆணி அடிச்சு அடிச்சுப் பிடுங்கி, ஒவ்வொருத்தரா என்னைப் பார்க்கற மாதிரி மாட்டினாரு. அப்பவும் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலை."

இத்தனை நாள் தனியாகப் போய், எத்தனை பேரைப் பயமுறுத்தியிருக்கிறோம் என்று சிஷ்யைக்கு அழுகை வந்தது. குனிந்து டீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டக்கென்று ஒரு சத்தம். மாஸ்டரின் மனைவி ஸ்டூலை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"