வாய் திறக்காத சம்பந்தி

ஞானப்பல் முளைத்தால் ஞானம் வரும் என்றொரு நம்பிக்கை நம் மக்களிடம் உலவுகிறது. அது முற்றிலும் பிழை. காலம் கடந்து கடைவாயின் கோடியில் முளைக்கும் அந்தப் பல், இடம் போதாவிட்டால் முட்டுவது பக்கத்துப் பல்லைத்தான், மூளையை அல்ல.

உத்தமபாளையம் வாழைக்காய் வியாபாரி சேக் பரீத்துக்கு அப்படித்தான் முட்டியது. கன்னம் வீங்கி வாய் பூட்டிக்கொண்டது.

பல் டாக்டர் கிருபாவதி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "நேரா முளைச்சு, தொந்தரவும் இல்லைன்னா விட்டுறலாம். இது படுத்துக்கிட்டு பக்கத்துப் பல்லை இடிக்குது. அடிக்கடி சீழ் வேற. எடுத்துத்தான் ஆகணும். முதல்ல மாத்திரை சாப்பிடட்டும். வீக்கம் வத்தினதும் வாங்க."

"எடுத்தா பேச்சு வந்துருமா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி மெகருன்னிசா.

"ரெண்டு மூணு நாள்ல நல்லாப் பேசுவாரு."

அதுதான் அவள் கவலை. மகள் ஷர்மினுக்கு வந்த முதல் வரன் வீட்டார், "பையன் துபாயில மேனேஜர்" என்றதும், "எத்தனை பேருக்கு மேனேஜர்?" என்று குடைந்து விரட்டியவர் இவர். இரண்டாவது வீட்டில் சாப்பாட்டில் கை வைத்ததுமே, "இது பிரியாணி இல்ல, குஸ்காவுல கறியைப் புதைச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இப்போது வெள்ளிக்கிழமை கம்பத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். ஷர்மினுக்குப் போட்டோவிலேயே பையனைப் பிடித்திருந்தது.

"அத்தா மட்டும் வாயைத் திறக்காம இருந்தாப் போதும்மா," என்றாள் ஷர்மின்.

பின்கட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

வியாழக்கிழமை சேக் பரீத் தனியாக டாக்டரிடம் போனார். திரும்பும்போதும் கன்னம் உப்பித்தான் இருந்தது.

"எடுத்தாச்சா?" என்றாள் மெகருன்னிசா.

இல்லை என்று தலையாட்டினார்.

"ஊசிக்குப் பயந்து ஓடி வந்துட்டீகளாக்கும்! ஊரு உலகத்துக்கெல்லாம் புத்தி சொல்ற மனுசன், ஒத்தப் பல்லுக்கு நடுங்குறாரு!"

மறுநாள் மாப்பிள்ளையின் அத்தா வந்து உட்கார்ந்ததும் பெரிய குரலில் ஆரம்பித்தார். "நம்ம சுருளி அருவி இருக்குல்ல, அதுக்கே வைகை டேம்ல இருந்துதான் தண்ணி விடுறாக."

கீழே கிடக்கும் அணையின் தண்ணீர் மலையேறி அருவியாகக் கொட்டுகிறதாம். மெகருன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

சேக் பரீத்தின் புருவம் ஏறியது. காது சிவந்தது. கன்னத்தைத் தாங்கிக்கொண்டு மெல்லத் தலையாட்டினார்.

"என்ன ஒரு நிதானம்! இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்," என்றார் வந்தவர். அங்கேயே நிக்காஹ் தேதி குறித்தார்கள்.

அன்றிலிருந்து கல்யாணம்வரை சேக் பரீத்துக்குக் கஞ்சிதான். சட்டை தொளதொளத்தது. ஊரே அவருடைய பயத்தைச் சொல்லிச் சிரித்தது. கல்யாண வேலையில் அவரை டாக்டரிடம் இழுத்துப்போக மெகருன்னிசாவுக்கு நேரமில்லை. நேரம் தேடவுமில்லை.

நிக்காஹ் மேடையில் ஹஜரத் சொன்னார்: "பொண்ணோட அத்தா வாயால சொல்லணும்."

சபை பரிதாபமாகப் பார்த்தது. சேக் பரீத் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். பிறகு மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை கேட்கும்படி, மகளை மணம் முடித்துக் கொடுப்பதாகக் கணீரென்று சொன்னார்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் மெகருன்னிசா திகைத்துப்போனாள். "பல்லு இருக்கும்போதே எப்படிப் பேசுறாக?"

பக்கத்தில் இருந்த டாக்டர் கிருபாவதி சொன்னார்: "பல்லா? அதை எடுத்துத்தான் நாளாச்சே. பொண்ணு பார்க்க வந்தாங்களே, அதுக்கு முந்தின நாளே எடுத்துட்டேன். தையல் பிரிக்க வந்தப்ப என் எக்ஸ்ரே மெஷினைப் பத்தி எனக்கே பாடம் நடத்துனாரு."

மெகருன்னிசா கணவரை ஓரமாக அழைத்துக் கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே பாக்கு அளவில் ஒரு பஞ்சு உருண்டை.

"எதுக்குங்க இம்புட்டும்?"

"வேற எதை வச்சு என் வாயை அடைக்கச் சொல்ற?" என்றார்.

சொல்லிவிட்டு நேரே பந்திக்குப் போனார். "சம்பந்தி, அந்தச் சுருளித் தண்ணி விசயம்..." என்று அவர் தொடங்கியது சமையல் கட்டுவரை கேட்டது. பிரியாணியைப் பற்றியும் ஏதோ சொன்னார்.

அடுத்த வாரம் கம்பத்தில் சம்பந்தி வீட்டு விருந்து. வாசலில் அத்தாவை எதிர்கொண்டு வந்த ஷர்மின் கையில் பஞ்சு இருந்தது.