கட்டைவிரல் கேட்கும் இயந்திரம்

தோங்யோங் என்னும் கடலோர ஊரின் அலுவலகத்தில் உள்ள சான்றிதழ் இயந்திரம் மல்சுனின் கட்டைவிரலை நான்காம் முறையாக ஏற்க மறுக்கிறது. இருபது வருடம் சிப்பி உடைத்ததில் ரேகை தேய்ந்துவிட்டது. மகளின் கல்லூரிக்குச் சான்றிதழ்த் தாள் இன்றே போயாக வேண்டும். இந்த இயந்திரத்தோடு மக்கள் படும் பாட்டை ஆராய வந்திருக்கும் நாரே, பக்கத்தில் நின்று நிறுத்துக்கடிகாரத்தில் நேரம் குறிக்கிறாள். உதவக் கூடாது என்பது ஆய்வின் விதி. "ஏம்மா, கடியாரத்தயே பாத்துக்கிட்டு நிக்கிறியே, இந்த வெரல்ல கொஞ்சம் ஊதிவிடேன். ஈரம் பட்டாத்தான் இது ரேகையப் பிடிக்கும். எனக்கு ஊதி ஊதி மூச்சே தீந்துபோச்சு" என்று மல்சுன் விரலை நீட்டுகிறாள். ஜன்னல் வழியே வரும் கடல் வெளிச்சத்தில் விரலின் வெடிப்புகள் தெரிகின்றன. நாரே கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த விரலை இரு கைகளாலும் பொத்தி ஊதுகிறாள். மல்சுன் விரலை வைத்ததும் இயந்திரம் சிணுங்குகிறது, தாள் சுடச்சுட வெளியே வருகிறது. "அடியாத்தி, உன் கை என் கையவிடச் சில்லுனு இருக்கே!" மல்சுன் சூடான தாளை நாரேயின் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிடிக்கிறாள். பைக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கிறது. நிறுத்த நாரேக்குக் கை ஒழியவில்லை.