கதவுக்குப் பின்னால்

மெஷினை வைத்துச் சுவர் பூசுவதில் வீட்டுக்காரருக்கு நம்பிக்கையே இல்லை. மேஸ்திரி குழாயைப் பிடித்துக் கலவையைப் பீய்ச்சி, மட்டக்கட்டையால் இழுத்துவிட்டு, மதியத்துக்குள் ஓர் அறையை முடித்துவிடுகிறார்.

"இந்த வேகத்துல அடிச்சா சுவத்துல என்ன நிக்கும்? மெல்லிசா பூசி நம்ம கண்ணுல மண்ணைத் தூவுறான்," என்றார் மனைவியிடம்.

"பார்க்க வழவழன்னு நல்லாத்தானே இருக்கு?"

"அதான் சந்தேகமே."

ஆட்கள் கிளம்பியதும், அரை அங்குலத்தில் கோடு போட்ட ஓர் ஆணியை ஈரப் பூச்சில் குத்திப் பார்ப்பார். ஓட்டை யார் கண்ணிலும் படக்கூடாதே என்று, எல்லா அறையிலும் கதவுக்குப் பின்னால்தான் குத்தினார். முதல் அறையில் ஆணி கோடு வரைக்கும் இறங்கியது. அடுத்த அறைகளில் கோட்டையும் தாண்டி இறங்கியது.

'பாவம், அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே' என்று அவருக்கு உறுத்தியது.

கடைசி நாள், மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் மனசாரச் சொன்னார்.

"பூச்சு நல்லா கனமா இருக்கு மேஸ்திரி."

மேஸ்திரி குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கதவுக்குப் பின்னாடி மட்டும் ஒரு கோட்டிங் கூடவே அடிச்சிருக்கேன் சார். தினமும் அங்கதானே குத்திப் பார்க்கிறீங்க."