கழற்ற மறந்த கண்ணாடி

போக்கர் மேசையில் போடும் கண்ணாடியைக் கழற்ற மறந்து சிபி வீட்டுக்கு வந்துவிட்டான். எதிராளி எத்தனை படி யோசிக்கிறான் என்பதை அவன் நெற்றிக்கு மேலே எண்ணாகக் காட்டுகிற கண்ணாடி அது. தன் சீட்டை மட்டும் பார்ப்பவனுக்குப் பூஜ்யம். நம் சீட்டையும் யோசித்தால் ஒன்று. தன்னைப் பற்றி நாம் என்ன நினைப்போம் என்பது வரைக்கும் போனால் இரண்டு. பெரிய பெரிய சூரர்களே மூன்றைத் தாண்டியதில்லை.

சமையலறையில் மனைவி மிதுனா தன் அக்காவோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றிக்கு மேலே பூஜ்யம். மனசில் பட்டதை அப்படியே கொட்டுகிறாள் என்று சிபிக்கும் சிரிப்பு வந்தது.

அவனைப் பார்த்ததும் அவள் போனை வைத்தாள். எண் கிடுகிடுவென்று ஏறி நான்கில் நின்றது.

"டிபனுக்குத் தோசை ஊத்திக்கலாமா, மிது?"

ஐந்து.

"உங்க இஷ்டமுங்க."

"என் இஷ்டம் இருக்கட்டும். உனக்கு என்ன வேணும்?"

ஆறு. அவள் அடுப்பைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எது பிடிக்குதோ, எனக்கும் அதே போதுங்க."

பதினோரு வருஷமாக இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, தன்னைப் போலக் கொடுத்து வைத்தவன் இல்லை என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டவன் சிபி. வீட்டையே பந்தயம் வைத்து எதிரே உட்கார்ந்தவன்கூட அவனிடம் இவ்வளவு பயந்து யோசித்ததில்லை.

கண்ணாடியைக் கழற்றினான். எண் போய்விட்டது. அவள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.