தோதாபுரிக்கு வந்த கிராக்கி

பங்காருபாளையம் மாம்பழக்கூழ் ஃபாக்டரி வாசலில், கன்னையாவின் தோதாபுரி மாங்காய் லோடு டிராக்டரிலேயே பழுத்துக்கொண்டிருந்தது. விலை விழுந்து, கேட்க ஆளில்லை. அப்போதுதான் திருப்பதியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாள் பிரேமலதா.

"ஒரே தோட்டத்து லோடா வேணும்ணா. நல்ல விலை தர்றோம்."

கன்னையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின்னால் டிராக்டரோடு நிற்கும் ரமணாவிடம் அவள் போய்விடக் கூடாதே என்று, அவசரமாக ஒரு பழத்தை அறுத்து நீட்டினார்.

"துன்னு பாருங்கம்மா. எல்லாம் சதைதான், கொட்டை இருக்கிற இடமே தெரியாது. பின்னால ரமணான்னு ஒருத்தன் நின்னுகினு இருக்கான். அவன் தோட்டத்துக்குத் தண்ணியே இல்ல. பழத்துல தோலும் கொட்டையும்தான் இருக்கும்!"

பிரேமலதாவின் முகம் மலர்ந்தது.

"அவரு எந்த டிராக்டர்ணா?"

கன்னையா திகைத்தார். "அந்தப் பழம் எதுக்கும்மா?"

"நாங்க ஆராய்ச்சி பண்றவங்கண்ணா. விறகுலேர்ந்து கேஸ் எடுக்கிறப்ப, கூடவே தார் வந்து இன்ஜினை அடைச்சுக்குது. மாங்கொட்டையைக் கரியாக்கி, அதுல நிக்கல் ஏத்தி வெச்சா, அந்தத் தாரும் உடைஞ்சு கேஸாயிடும். எங்களுக்குக் கொட்டைதான் வேணும்."

ரமணாவின் லோடு மொத்தமும் விலைபோனது. பேரம் முடிந்த கையோடு அவன் கன்னையாவிடம் ஓடி வந்தான்.

"மாமா, நீதான் என் பேரைச் சொன்னியாமே! உன் நல்ல மனசு யாருக்கு வரும்? கொட்டையை எடுத்துக்கினு சதையை என்கிட்டயே குடுத்துடுவாங்களாம். மொத்தத்தையும் நீயே எடுத்துக்கோ மாமா, சும்மாவே தர்றேன்."