பதினோரு மணி அழைப்பு

கோச்சடையில் மழைக்கு இருட்டிக்கொண்டு வரும் சாயங்காலம். வேலை பார்த்த மில் மூடப்பட்டபின் வீட்டின் முன்னறையில் பத்ரிநாதன் தொடங்கிய டிக்கெட் புக்கிங் ஆபீசில் கம்ப்யூட்டர் திரை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. போன் சாஃப்ட்வேர் விற்க வந்த மலைச்சாமி, ஒரு வாரம் சோதனைக்காக அதில் ஓடவிட்டிருந்ததைத் திறக்கிறான். "சின்னது ஒரு லைனுக்குண்ணே. பெருசுன்னா நாலு லைன். வணக்கம் சொல்றதையும் அதுவே பார்த்துக்கிரும்." "பெருசே போடுப்பா. தினம் போன் வருது, நான் எடுத்து வணக்கம்னதும் வச்சிர்றாங்க." "உங்க கொரலுக்கே ஓடிர்றாங்களாண்ணே?" "சிரிக்காத. ஒத்த ஆளு ஆபீசுன்னு தெரிஞ்சிருது போல. மிஷின் பேசுச்சுன்னா கம்பெனின்னு நம்பி நிப்பாங்க." சொல்லிக்கொண்டே ரிசீவரை எடுத்துச் சட்டை நுனியால் துடைக்கிறார். பசுமலையில் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் அவர் மனைவி சீதாலட்சுமி, காபித் தட்டோடு வந்தவள், வாசற்படியிலேயே நிற்கிறாள். மலைச்சாமி வந்த அழைப்புகளின் பட்டியலை விரிக்கிறான். ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஆறே வரி. "ஞாயித்துக்கெழம தவிர தினம் பதினோரு மணிக்குத்தாண்ணே வருது. ஆறும் ஒரே நம்பரு. பசுமலைப் பக்கம் மாதிரி இருக்கு, யாருண்ணே இது?" தட்டில் டம்ளர்கள் லேசாக உரசிக்கொள்கின்றன. பத்ரிநாதன் திரையைப் பார்க்கிறார். அவருக்கு மனப்பாடமான எண்தான். வாசற்படிப் பக்கம் அவர் திரும்பவில்லை. வெளியே கொய்யா மரத்தில் முதல் தூறல் விழும் சத்தம் கேட்கிறது. "கஸ்டமருதான்," என்கிறார். துடைத்த ரிசீவரை அதன் இடத்தில் மெல்ல வைக்கிறார். "சின்னதே போடுப்பா. ஒரு லைன் போதும்."